அத்தையின் 42 லட்சம்: அரசுப் பத்திரமா, அஞ்சலகமா, கம்பெனி பாண்டா?

என் அத்தை கோபிச்செட்டிபாளையத்தில் கணக்கு டீச்சராக இருந்தார். 2025 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். பழைய திட்டத்தில் சேர்ந்தவர் என்பதால் மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அது போக, பணிக்கொடை, ஜிபிஎஃப் என்ற சேமநிதி, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகத் தரும் கம்யூட்டேஷன் எல்லாம் சேர்த்து 42 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது.

பணம் கணக்கில் விழுந்த அதே வாரத்தில் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் "பவர் ஃபைனான்ஸ்ல போடுங்க டீச்சர்" என்றார். கணக்கு வைத்திருந்த வங்கியில் உட்கார வைத்து காபி கொடுத்து, ஏதோ "உறுதியான வருமானம்" என்று ஓர் இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்டினார்கள். மருமகன் தன் போனில் ஒரு ஆப்பைத் திறந்து, பத்தரை சதவீத வட்டி தரும் கம்பெனி பாண்டுகளை வரிசையாகக் காட்டினார். ரிசர்வ் வங்கியிலேயே நேராகக் கணக்குத் திறக்கலாம் என்று விளம்பரத்தில் பார்த்ததாக அத்தையே சொன்னார்.

"கண்ணு, முப்பது வருசம் வட்டிக் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கேன். எல்லாமே கடன் பத்திரம்னுதான் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு ஒண்ணு ஆறரை தருது, இன்னொண்ணு எட்டு தருது, இன்னொண்ணு பத்தரை தருது?"

இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு வாரம் உட்கார்ந்தோம். ஓய்வுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு ஆறு சதவீதத்தைக் கூடத் தொடவில்லை, பணமோ பல ஆண்டுகளுக்கு மாட்டிக்கொள்ளும். அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

புரோ நோட்டும் பாண்டும்

எங்கள் பக்கம் கடன் என்றால் புரோ நோட்டுதான். ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துக்கொள்வார்கள். பாண்டு என்பதும் ஒரு நோட்டுதான். அரசாங்கமோ கம்பெனியோ நமக்கு எழுதிக் கொடுப்பது. இத்தனை சதவீத வட்டி, இன்ன தேதிகளில் தருவேன், இன்ன வருடம் முதலைத் திருப்புவேன் என்பது அதில் இருக்கும். இப்போது தாள் இல்லை, எல்லாம் பங்குகளுக்கான டிமேட் போல மின்னணுக் கணக்கில்தான்.

ஊரில் நோட்டுக்குக் கடன் கொடுக்கும் பெரியவர்கள் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஆள் யார், எப்போது திருப்புவான். பாண்டில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. அந்த நோட்டை நடுவில் வேறொருவருக்கு விற்கலாம். விற்க முடிவது வசதிதான், ஆனால் சந்தை விலை என்ற ஒன்று அதனால்தான் வருகிறது. அரசுப் பத்திரம் வாங்கி "நஷ்டம் காட்டுதே" என்று பதறுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அத்தைக்கு இதைப் பலகையில் எழுதிக் காட்டத் தேவைப்படவில்லை. கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே போட்டார். நூறு ரூபாய் முகமதிப்பு (பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகை), 7 சதவீத வட்டி, பத்து வருடப் பத்திரம். வாங்கிய மறுநாளே சந்தையில் வட்டி 8 சதவீதமாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவருக்கு 8 ரூபாய் கிடைக்கும்போது 7 ரூபாய் தரும் என் நோட்டை யார் நூறு ரூபாய் கொடுத்து வாங்குவார்? சுமார் 93 ரூபாய்க்குத்தான் போகும். அதே பத்திரம் ஐந்து வருடத்தில் முடிவதாக இருந்தால் 96 கிடைக்கும். முப்பது வருடப் பத்திரமாக இருந்தால் 89க்கு இறங்கிவிடும். வட்டி 6 சதவீதத்துக்கு இறங்கினால் எல்லாம் தலைகீழ். பத்து வருடப் பத்திரம் 107 ரூபாய் போகும்.

கொடுத்த வாக்கு எதிலும் மாறவில்லை. முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு 7 ரூபாய் வட்டியும் கடைசியில் நூறு ரூபாயும் அப்படியே வரும். நடுவில் விற்க வேண்டி வந்தவருக்குத்தான் 93. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்ததற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். அந்த வங்கி வைத்திருந்ததில் பெரும்பகுதி அமெரிக்க அரசு உத்தரவாதம் உள்ள நீண்ட காலப் பத்திரங்கள். வட்டி வேகமாக ஏறி அவற்றின் விலை இறங்கிய நேரத்தில், டெபாசிட்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். விற்க வேண்டி வந்தது, நஷ்டம் கைக்கு வந்தது.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. எந்தப் பணம் எந்த வருடம் வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அந்த வருடத்தில் முதிரும் பத்திரத்தைத் தேட வேண்டும். வட்டி எவ்வளவு என்பதை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

ஒரே அரசு, மூன்று வாசல்

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. மத்திய அரசு நம்மிடம் பல வாசல் வழியாகக் கடன் வாங்குகிறது. வாங்குபவர் ஒருவர்தான். ஆனால் எந்த வாசலில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வட்டி மாறுகிறது.

முதல் வாசல் அஞ்சலகம். 60 வயது தாண்டியவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அங்கே இருக்கிறது, வங்கிகளிலும் திறக்கலாம். 2023 ஏப்ரல் முதல் 2025 முழுவதும் அதன் வட்டி 8.2 சதவீதமாகவே இருந்தது. சேரும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடத்துக்கும் நிலைக்கும். ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 2023 பட்ஜெட்டுக்கு முன்னால் இது 15 லட்சமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். 30 லட்சத்துக்கு ஒரு காலாண்டுக்கு 61,500 ரூபாய். ஐந்து வருடம் முடிந்ததும் மூன்று வருடம் நீட்டித்துக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்கு அப்புறம் நடுவில் எடுத்தால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள், இரண்டு வருடம் தாண்டினால் ஒரு சதவீதம்.

55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெறுபவர்களும் இதில் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். இந்தக் கெடு தெரியாமல் பணத்தை சேமிப்புக் கணக்கில் தூங்கவிட்டு, பிறகு 60 வயது வரை காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வாசல் ரிசர்வ் வங்கியின் மிதக்கும் வட்டிச் சேமிப்புப் பத்திரம். 2020 ஜூலை 1 அன்று வந்தது. தேசிய சேமிப்புப் பத்திரத்தின், அதாவது என்எஸ்சியின் வட்டி என்னவோ அதைவிட 0.35 சதவீதம் கூடுதல் என்பது இதன் விதி. தொடங்கியபோது 7.15 சதவீதம், என்எஸ்சி 7.7க்கு ஏறியபின் 8.05. ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் வட்டி கணக்குக்கு வரும், அதே நாளில் அடுத்த ஆறு மாத விகிதமும் தீர்மானமாகும். குறைந்தது 1,000 ரூபாய், மேல் வரம்பு இல்லை. வயது வரம்பும் இல்லை. இதன் பலவீனம் பூட்டு. ஏழு வருடம் வெளியே வர முடியாது, விற்க முடியாது, அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. 60 முதல் 70 வயதுக்காரர்கள் ஆறு வருடத்துக்குப் பின்னும், 70 முதல் 80 வரை ஐந்து வருடத்துக்குப் பின்னும், 80 தாண்டியவர்கள் நான்கு வருடத்துக்குப் பின்னும் எடுக்கலாம். அதற்கும் கடைசி ஆறு மாத வட்டியில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வாசல்தான் ஏலம். செய்திகளில் "அரசுக் கடன் பத்திரம்" என்று சொல்வது இதைத்தான். வெள்ளிக்கிழமைகளில் ரிசர்வ் வங்கி மத்திய அரசின் சார்பில் ஏலம் விடும். வங்கிகள், எல்ஐசி, வருங்கால வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் கேட்கும் விலையில் வட்டி தீர்மானமாகும். 2021 நவம்பர் 12 அன்று ரீடெய்ல் டைரக்ட் என்ற இணையவழிக் கணக்கைத் தொடங்கியபின், நம்மைப் போன்றவர்களும் 10,000 ரூபாயிலிருந்து நேராக வாங்கலாம். கணக்குத் திறக்கக் கட்டணமில்லை, தரகு இல்லை. நாம் விலை சொல்லத் தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டு வந்த சராசரி விலையில் நமக்கும் ஒதுக்குவார்கள்.

பத்திரத்தின் பெயரே அதன் ஜாதகம். "7.10% ஜிஎஸ் 2034" என்றால் முகமதிப்பில் ஆண்டுக்கு 7.10 சதவீத வட்டி, இரண்டு தவணையாக வரும், 2034இல் அசல் திரும்பும். ஆனால் வாங்கும் அன்று நமக்குக் கிடைக்கும் உண்மையான விகிதம் இந்த 7.10 என்று நினைத்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5லிருந்து 5.5க்குக் குறைத்தது. அதோடு பழைய பத்திரங்களின் விலை நூறு ரூபாயைத் தாண்டி ஏறியது. அத்தைக்குப் பணம் வந்த நேரத்தில் பத்து வருட அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம், அதாவது அன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் உண்மையான வட்டி, ஆறே கால், ஆறரைக்கு இடையில்தான் இருந்தது.

அத்தையின் ஆறரைக்கும் எட்டுக்கும் உள்ள புதிர் இங்கே அவிழ்ந்தது. அஞ்சலகத்தின் 8.2ம் அரசுக் கடன்தான், ஏலத்தின் ஆறரையும் அரசுக் கடன்தான். சிறுசேமிப்புக்கு அரசு ஒரு சலுகை வைத்து, சந்தையைவிட அதிகமாகத் தருகிறது. அதனால்தான் 30 லட்சம் என்று வரம்பும் வைத்திருக்கிறது. 60 தாண்டிய ஒருவர் அஞ்சலகத்தின் வரம்பை நிரப்பாமல் ஏலத்துக்குப் போவது, ரேஷன் கடை அரிசியை வாங்காமல் அதே அரிசியை வெளியே கூடுதல் விலைக்கு வாங்குவது போல.

அப்படியானால் ஏலப் பத்திரம் யாருக்கு? 35, 40 வயதில் இருப்பவருக்கு மூத்த குடிமக்கள் திட்டம் கிடையாது. ஐந்து வருடம், ஏழு வருடம் போதாது, இன்றைய வட்டியை இருபது, முப்பது வருடத்துக்குப் பூட்ட வேண்டும் என்பவருக்கும் இதைவிட்டால் வழி குறைவு. வங்கியில் பத்து வருடத்துக்கு மேல் டெபாசிட் கிடைப்பதே கடினம். அரசோ 2023இல் ஐம்பது வருடப் பத்திரமே வெளியிட்டது. மூன்றாவதாக, குறிப்பிட்ட ஒரு வருடத்தில் குறிப்பிட்ட ஒரு தொகை வேண்டும் என்பவருக்கு இது கச்சிதம்.

ஒரு வருடத்துக்குள் வேண்டிய பணம் என்றால் கருவூல உண்டியல் இருக்கிறது. டிரஷரி பில், சுருக்கமாக டி-பில். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று காலம், புதன்கிழமைகளில் ஏலம். தனியாக வட்டி கிடையாது. நூறு ரூபாய் பில்லைக் குறைந்த விலைக்குத் தருவார்கள், முதிர்வில் நூறு திரும்பும். 91 நாள் பில்லை 98.50க்கு வாங்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6.1 சதவீதம் என்று அத்தை மனக்கணக்கிலேயே சொன்னார்.

மாநில அரசுகளும் இதே முறையில் கடன் வாங்குகின்றன. செவ்வாய்க்கிழமை ஏலம். தமிழ்நாடு அதிகம் கடன் வாங்கும் மாநிலங்களில் ஒன்று, அதனால் நம் மாநிலப் பத்திரங்கள் அடிக்கடி கிடைக்கும். மத்திய அரசுப் பத்திரத்தைவிட வட்டி பெரும்பாலும் கால் முதல் முக்கால் சதவீதம் வரை கூடுதலாக இருக்கும். இவற்றையும் ரிசர்வ் வங்கிதான் நடத்துகிறது. ஆச்சரியம் என்னவென்றால், நிதிநிலை நன்றாக உள்ள மாநிலத்துக்கும் தள்ளாடும் மாநிலத்துக்கும் இடையில் சந்தை பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. நீண்ட காலம் வைத்திருக்கப் போகும் ஆளுக்கு மாநிலப் பத்திரம் நல்ல பேரம் என்றே நினைக்கிறேன். விற்பதற்கு மட்டும் ஆள் கிடைப்பது இன்னும் கடினம்.

விற்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரீடெய்ல் டைரக்டில் விற்கும் வசதி இருக்கிறது. ஆனால் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்ற சிறு தொகைக்கு நல்ல விலையில் வாங்குபவர் எப்போதும் காத்திருப்பதில்லை. அவசரத்துக்கு உடைக்கக்கூடிய எஃப்டி போல இதை நினைக்கக் கூடாது.

அரசு தவறாதா?

அத்தை இதையும் கேட்டார். "கவர்மெண்டே குடுக்கலேன்னா?"

இந்திய அரசு ரூபாயில் வாங்கிய கடனில் இதுவரை தவறியதில்லை. கடனும் ரூபாயில், வரி வசூலும் ரூபாயில். ஆனால் "அரசு என்றால் ஆபத்தே இல்லை" என்று முழங்க எனக்கு மனம் வராது. பக்கத்தில் இலங்கையைப் பார்த்தோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்புவதை நிறுத்தினார்கள். 2023இல் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைத்தபோது, தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரிப் பத்திரங்கள், காலமும் வட்டியும் மாற்றப்பட்ட புதிய பத்திரங்களாயின. அங்கே தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்து சேர்த்தவர்களின் ஓய்வுப் பணம் அது.

நமக்கு அதைவிட நெருக்கமான ஆபத்து விலைவாசி. முப்பது வருடத்துக்கு ஆறரை என்று பூட்டிவிட்டு, விலைவாசி எட்டுக்கு ஏறினால், அரசு ஒரு பைசா பாக்கி வைக்காமல் கொடுத்தாலும் நாம் இளைத்துப் போவோம். மிதக்கும் வட்டிப் பத்திரம் இதற்கு ஓரளவு தாங்கும். சிறுசேமிப்பு வட்டி ஏறினால் அதுவும் ஏறும். இறங்கினால் இறங்கவும் செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

பத்தரை சதவீதம் எங்கிருந்து வருகிறது

இனி மருமகனின் ஆப். அவர் அத்தையின் நல்லதுக்குத்தான் காட்டினார், அதில் சந்தேகமில்லை. கம்பெனிகள் வெளியிடும் கடன் பத்திரங்கள், என்சிடி என்பார்கள். முன்பு பொதுவில் விற்காமல் சிலருக்கு மட்டும் தனிப்பட்ட முறையில் ஒதுக்கும் பாண்டுகளின் முகமதிப்பு 10 லட்சமாக இருந்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அதை 2023இல் ஒரு லட்சமாகவும், 2024இல் 10,000 ரூபாயாகவும் குறைக்க வழி செய்தது. பாண்டு விற்கும் இணையதளங்களும் செபியின் பதிவுக்குள் வந்தன. அதனால்தான் இப்போது போனில் பாண்டு விளம்பரம் இவ்வளவு வருகிறது.

பெரிய, பலமான கம்பெனிக்கு அரசைவிட ஒரு சதவீதமோ கொஞ்சம் கூடவோ கொடுத்தால் கடன் கிடைத்துவிடும். பத்தரை கொடுக்கிறது என்றால், அதைவிடக் குறைவாக அதற்குக் கடன் கொடுக்க வங்கியும் ஃபண்டும் தயாராக இல்லை என்று அர்த்தம். தர மதிப்பீட்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஒற்றை ஏ, இல்லையென்றால் டிரிபிள் பி என்று இருக்கும். டிரிபிள் ஏ உச்சம். டிரிபிள் பி-க்குக் கீழே போனால் சூதாட்டத்துக்குப் பக்கம். டி என்றால் தவறிவிட்டது.

மதிப்பீட்டையும் கண்ணை மூடி நம்ப முடியாது. உள்கட்டமைப்புக்கு நிதி தந்த ஐஎல் அண்டு எஃப்எஸ் 2018இல் டிரிபிள் ஏ கம்பெனி. சில வாரங்களில் டி-க்கு விழுந்தது. குழுமத்தின் கடன் 90,000 கோடிக்கு மேல். அடுத்த வருடம் வீட்டுக் கடன் கம்பெனியான டிஎச்எஃப்எல் கவிழ்ந்தது. அதில் டெபாசிட் போட்டவர்களுக்கும் என்சிடி வாங்கியவர்களுக்கும் முழுப் பணம் திரும்பவில்லை. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியை மீட்டபோது, அது வெளியிட்டிருந்த ஏடி-1 என்ற வகைப் பாண்டுகள் (வங்கி தள்ளாடினால் திருப்பித் தராமலே அழித்துவிடக்கூடியவை) 8,400 கோடி ரூபாய்க்கு மேல் பூஜ்யமாக்கப்பட்டன. வங்கி வெளியிட்டது என்ற பெயரைப் பார்த்து அதை டெபாசிட் போல நினைத்து வாங்கியிருந்த தனிநபர்களும் அதில் இருந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் செபி அந்த வகைப் பாண்டுக்குக் குறைந்தபட்சம் ஒரு கோடி என்று வைத்து, சாதாரண ஆட்களை அந்தப் பக்கம் வராமல் தடுத்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் பழைய காயம் உண்டு. 1990களில் தெருவுக்குத் தெரு முளைத்த ஃபைனான்ஸ் கம்பெனிகள், மூழ்கிய சேமிப்புகள், அதன் விளைவாக 1997இல் வந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். எங்கள் தாத்தா காலத்து நண்பர்களில் சிலர் அந்த வழக்குக்குக் கடைசி வரை நடந்தார்கள்.

மருமகன் மனம் நோகாமல் இருக்க, கருத்தைவிடக் கணக்கைக் காட்டினோம். 10 லட்சத்தை 8.2க்குப் பதில் 10.5க்குப் போட்டால் வருடத்துக்கு 23,000 ரூபாய் கூடுதல். ஐந்து வருடத்துக்கு 1,15,000. அந்த ஒரு கம்பெனி தவறி போட்ட பணத்தில் பாதி போனால் நஷ்டம் 5 லட்சம். ஓய்வுக்குப் பின் அந்த 5 லட்சத்தை மறுபடி சம்பாதிக்க அத்தைக்கு வழியில்லை. முப்பது வயதில் சம்பளம் வரும் ஒருவர் தன் சேமிப்பில் சிறு பகுதியை நாலைந்து நல்ல கம்பெனிகளில் பிரித்துப் போடலாம், அது வேறு. "செக்யூர்டு" என்ற சொல்லில் மயங்கவும் வேண்டாம். சொத்து அடமானம் இருக்கிறது என்பது உண்மை. அதை விற்றுப் பணம் கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

பவர் ஃபைனான்ஸ் என்று ஊரில் அழைக்கும் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனம் அரசுப் பத்திரத்துக்கும் தனியார் கம்பெனி பாண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாநில அரசுக்குச் சொந்தமான வங்கியல்லா நிதி நிறுவனம். ஓய்வூதியர்கள் பல வருடமாக நம்பிப் போடுகிறார்கள், எங்கள் தெருவிலேயே பலர். வட்டியும் வங்கிகளைவிட நன்றாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனால் அரசுக்குச் சொந்தமான கம்பெனியின் டெபாசிட்டும், அரசே கையெழுத்திட்ட பத்திரமும் ஒன்றல்ல. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடும் இதற்கு இல்லை. எல்லா முட்டையையும் அங்கே வைக்காமல் ஒரு பங்கு வைப்பதில் தப்பில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அத்தைக்கு அது தேவைப்படவில்லை.

வங்கி எஃப்டி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு. நினைத்த நேரத்தில் உடைக்கலாம், அதுதான் அதன் பெரிய பலம். வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ஒரு பகுதியை அரசுப் பத்திரம் போன்ற பாதுகாப்பானவற்றில் வைத்தாக வேண்டும் என்பது விதி, இப்போது 18 சதவீதம். ஆக, எஃப்டி போட்டவர்களும் தெரியாமலே அரசுக்குக் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடன் மியூச்சுவல் ஃபண்டுகளைப் பார்த்தோம், பெரிதாக மெனக்கெடவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபத்துக்கு வருமான வரி விகிதப்படியே வரி, பழைய சலுகை போய்விட்டது. நிறையப் பத்திரங்களில் பரவலாகப் போட வேண்டும், வேண்டும்போது எடுக்க வேண்டும் என்பவருக்கு இன்னும் பயனுண்டு. ஆனால் 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியதை நினைவில் வைக்க வேண்டும். பணம் பின்னால் தவணை தவணையாகத் திரும்பியது, ஆனால் அந்த மாதமே தேவைப்பட்டவர்களுக்கு அது உதவவில்லை.

வரி ஆளுக்கு ஆள் கணக்கை மாற்றும்

பாண்டு வட்டிக்கு அவரவர் வரி விகிதம்தான். அத்தையின் ஓய்வூதியமும் வட்டியும் சேர்த்தாலும் 12 லட்சத்துக்குள்தான் இருக்கும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் அதுவரை வரி இல்லை. ஆகவே 8.2 என்றால் முழு 8.2.

முப்பது சதவீத வரியில் இருப்பவருக்குக் கதை வேறு. செஸ்ஸும் சேர்த்தால் மிதக்கும் வட்டிப் பத்திரத்தின் 8.05ல் கையில் நிற்பது ஏறக்குறைய 5.5. ஏலப் பத்திரத்தின் 6.4ல் நிற்பது 4.4. அப்படிப்பட்டவர் வரியில்லாப் பத்திரங்களைத் தேடலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஆர்இசி, ஐஆர்எஃப்சி போன்ற அரசு நிறுவனங்கள் 2016 வரை வெளியிட்டவை. புதிதாக வருவதில்லை, பங்குச் சந்தையில் முகமதிப்பைவிடக் கூடுதல் விலையில் கைமாறுகின்றன. அத்தையிடம் யாரோ இதையும் சொல்லியிருந்தார்கள். வரியே கட்டாதவர் வரிச் சலுகைக்காகக் குறைந்த வட்டியை ஏற்பதில் அர்த்தமில்லை என்று அடித்துவிட்டோம்.

கடைசியில் பிரித்தது

30 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில். இதில் யோசிக்கவே எதுவும் இருக்கவில்லை.

5 லட்சம் மிதக்கும் வட்டிப் பத்திரத்தில். ஆறு மாதத்துக்கு 20,125 ரூபாய் வரும். அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டமும் பேச்சில் இருந்தது, அதன் வட்டி 7.4. ஓய்வூதியம் மாதாமாதம் வருவதால் இன்னொரு மாத வருமானம் அவசரமில்லை, விலைவாசியோடு கொஞ்சம் நகரும் பணமே தேவை என்று இதை எடுத்தோம். ஆறு வருடப் பூட்டைப் பற்றி அத்தை இரண்டு நாள் யோசித்தார். மற்றதை எல்லாம் கூட்டிப் பார்த்து, இந்த 5 லட்சம் இல்லாமலும் ஆஸ்பத்திரிச் செலவைச் சமாளிக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் சரி என்றார்.

4 லட்சம் வங்கி எஃப்டியில், இரண்டு வங்கிகளில் பாதிப் பாதி. இது உடைப்பதற்கென்றே வைத்த பணம்.

மீதி 3 லட்சத்துக்குத்தான் ரீடெய்ல் டைரக்ட். கணக்குத் திறப்பதில் ஒரு தாமதம் ஆனது. அத்தையின் ஆதாரில் ஓர் எழுத்து இனிஷியல், பேன் கார்டில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊர்ப் பெயர்களுக்கு இது வாடிக்கை. விண்ணப்பிக்கும் முன் ஆதார், பேன், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் ஆதாரைத் திருத்திய பிறகே போனோம். ஒரு லட்சத்துக்கு 364 நாள் டி-பில், அடுத்த கோடையில் மாடித் தளம் ஒழுகாமல் ஓடு பதிப்பதற்கு. இரண்டு லட்சத்துக்கு 2031இல் முதிரும் அரசுப் பத்திரம். பேத்தி 2025இல் ஏழாம் வகுப்பு. 2031இல் கல்லூரி சேருவாள்.

ஆறரைக்கும் குறைவான வட்டியில் அந்த இரண்டு லட்சத்தை ஏன் போடுகிறீர்கள், எஃப்டியிலேயே போடலாமே என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது எஃப்டி கிட்டத்தட்ட அதே வட்டிதான், சில வங்கிகளில் கொஞ்சம் கூடவே கிடைத்தது. ஆனால் ஆறு வருடத்துக்குள் எஃப்டியை வீட்டில் யாராவது ஒரு தடவையாவது உடைத்துவிடுவார்கள், கல்யாணம், காது குத்து என்று ஏதாவது வரும் என்பது அத்தையின் அனுபவம். உடைப்பது கடினம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்.

எல்லாவற்றிலும் நாமினி பெயரைப் போட்டோம். எந்தப் பத்திரம், எந்தத் தேதியில் வட்டி, எந்த வருடம் முதிர்வு என்று பழைய ஆசிரியர் டைரியின் கடைசிப் பக்கத்தில் அத்தை கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறார். அதற்கு எதிரே இன்னொரு கட்டத்தில், பேத்தியின் வகுப்பை வருடவாரியாக.